கப்பல் பட்டியலில் சாதிக் கட்டம்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த நாட்டில் வம்சாவளி யாருக்கு இருக்கிறது? ராசாவுக்கு மெய்க்கீர்த்தி. பார்ப்பானுக்குக் கோத்திரம். மிராசுதாருக்குப் பட்டயம். நம்ம பூட்டன் பேரு எங்க எழுதியிருக்கு? உள்ளூர்ல தேடினா அநேகமா கிடைக்காது. நம்மில் சிலருக்கு அது கடலுக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள்.

வெள்ளையன் இவர்களைக் கணக்கெழுதி வைத்தான். பாசத்தால் அல்ல. கூலி ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! ஆளுக்கு ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. பெண்களுக்கும் தனி எண், தனி வரி. அந்தப் பட்டியல்கள் இன்றும் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எண் தெரிந்தால் கப்பலைக் கண்டுபிடிக்கலாம், கப்பல் தெரிந்தால் கிராமம் வரை வரலாம்.

பேரப்பிள்ளைகள் அப்படித்தான் தேடிக்கொண்டு வருகிறார்கள். சிலர் பேரையும் ஊரையும் எடுத்துக்கொண்டு சாதிக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். 'இப்ப எதுக்குங்க அது' என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம கிராமம் ஒண்ணா? ஊர் வேற, சேரி வேற. கிராமத்தின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு வருபவரை ஊர்க்காரர்கள் கோயிலில் நிறுத்தி மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அவருடைய பூட்டியை அந்தக் கோயில் வாசலில்கூட நிற்க விடாதவர்களின் வாரிசுகள் அவர்கள். பூட்டியின் சொந்தம் சேரியில் இருக்கும். ஆனா அங்க யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

அந்தக் கட்டம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினான். சிலருக்கு அதில் 'கிறிஸ்தவர்' என்றுதான் இருக்கிறது. சாதியை மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்களும் உண்டு. அது பொய்யல்ல, தோழர்களே, தப்பித்தல். அதுவும் நம் வரலாறுதான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அவரவர் சேரியில் மூத்த பாட்டிகளிடம் போய் உட்காருங்கள். கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர் யார், எந்த வீடு, தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) முன்னா பின்னா என்று கேட்டு எழுதுங்கள். அங்க தாள் இருக்கு, சொந்தம் தெரியல. இங்க சொந்தம் இருக்கு, தாள் இல்ல. பாட்டிகள் போய்விட்டால் இரண்டையும் சேர்க்க ஆளில்லை.

ஜெய்பீம்.