சட்டக் கல்விக்கு இரண்டு வாயில்கள்

(எம்.ரெட்டியபட்டியில் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நம் சமூகத்துக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இம்மலரில் இடம்பெறுகிறது.)

 

வானம் பார்த்த இந்தப் பூமிக்குச் சட்டம் புதிய பொருளன்று. கண்மாய் நீர் முதலில் எந்த வயலுக்குப் பாய வேண்டும், வரப்பு எவருக்கு உரியது, பட்டா எவர் பெயரில் இருக்கிறது என்னும் வினாக்களோடு நீதிமன்றப் படி ஏறி இறங்கிய குடும்பங்கள் இப்பக்கத்தில் பலவுண்டு. வழக்காடப் போனவர் பலர். வழக்கறிஞராகப் போனவர் சிலர். அந்தச் சிலரைப் பலராக்குவது எவ்வாறு என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

நமக்கு அண்மையிலுள்ள திருச்சுழியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுந்தரம் ஐயர் என்பவர் வாழ்ந்தார். 1879ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்த இரமண மகரிஷியின் தந்தையார் அவர். மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுதும் வேலையில் தொடங்கி, மனு எழுதிக் கொடுப்பவராக உயர்ந்து, பின்னர் உள்ளூர் மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் வாதாடும் இசைவையும் பெற்றார். அவரிடம் சட்டப் பட்டம் இல்லை. கூர்த்த மதியும் பட்டறிவுமே அவருடைய முதல். அத்தகைய காலம் இனி வாராது. இன்று சட்டப் பட்டம் வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேறவேண்டும். ஆகவே பட்டப் படிப்பின் வாயில் எங்கே இருக்கிறது, அது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை அறிவது முதற்கடமையாகிறது.

பிளஸ் டூ முடித்தவர் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர இரண்டு வாயில்கள் உள்ளன.

முதலாவது, நம் மாநிலத்தின் வாயில். சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும், அதனோடு இணைந்த மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் அரசு சட்டக் கல்லூரிகளிலும் சேர்வதற்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தை ஒட்டி விண்ணப்பம் தொடங்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. சட்டப் படிப்புக்கும் பொருந்தும்.

இரண்டாவது, தேசிய வாயில். 1980களின் பிற்பகுதியில் பெங்களூரில் தொடங்கப்பெற்ற தேசியச் சட்டப் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு நாடெங்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. நம் மாநிலத்தின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் திருச்சிராப்பள்ளியில், திண்டுக்கல் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதனை நிறுவிய சட்டம் 2012ஆம் ஆண்டுக்குரியது. இத்தகைய இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக நடைபெறுவதே கிளாட் எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத்தேர்வு. 2008ஆம் ஆண்டு முதல் அது நடந்து வருகிறது. தில்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் அய்லெட் என்னும் தனித்தேர்வு நடத்துகிறது.

பெற்றோர்களே, இவ்விடத்தில் சற்றே கூர்ந்து கேளுங்கள். கிளாட் தேர்வு நடைபெற்ற நாள்களைச் சொல்கிறேன்: 2022 டிசம்பர் 18, 2023 டிசம்பர் 3, 2024 டிசம்பர் 1, 2025 டிசம்பர் 7. நான்கும் டிசம்பர் மாதமே. பொதுத்தேர்வு மார்ச்சில் வருகிறது. முடிவு மே மாதத்தில் வருகிறது. நம் வீடுகளில் "அடுத்து என்ன படிக்கலாம்?" என்ற பேச்சோ முடிவு வந்த பின்னரே எழுகிறது. அப்பொழுது கிளாட் தேர்வு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். விண்ணப்பமோ அதற்கும் முன்னதாக, ஜூலை, ஆகஸ்ட் அளவில் திறந்து, அக்டோபர் அல்லது நவம்பர்த் தொடக்கத்தில் மூடப்பட்டிருக்கும். அறிவில் குறைந்து தோற்றவரினும், நாள் தெரியாமல் வெளியே நின்றவரே நம் சிற்றூர்களில் மிகுதி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதவேண்டிய தேர்வு இது. ஆயத்தம் பதினொன்றாம் வகுப்பில் தொடங்கவேண்டும்.

இனித் தேர்வின் இயல்பைப் பார்ப்போம். இரண்டு மணி நேரம், 120 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழியும். ஆங்கிலம், நடப்புச் செய்தியும் பொது அறிவும், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், எண்ணியல் என ஐந்து பகுதிகள். நடப்புச் செய்தியும் சட்டத் தருக்கமும் தனித்தனியே ஏறத்தாழக் கால் பங்கு. ஆங்கிலமும் பொதுத் தருக்கமும் தனித்தனியே ஐந்தில் ஒரு பங்கு. எண்ணியல் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பத்தாம் வகுப்பு அளவிலான விழுக்காடு, விகிதம், சராசரி போன்ற கணக்குகளே. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் எழுதலாம். வயது உச்சவரம்பு இல்லை. பொதுப்பிரிவினர்க்குப் பிளஸ் டூவில் 45 விழுக்காடும், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 40 விழுக்காடும் இருந்தால் போதும்.

"சட்டம் படிக்காமலே சட்ட வினாவுக்கு விடை எழுதுவது எங்ஙனம்?" என்று மாணவர் அஞ்சுவர். அச்சம் வேண்டா. 450 சொல் அளவில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் விதியையும் கூறிவிட்டு, ஒரு நிகழ்வை முன்வைத்து, அவ்விதிப்படி முடிவு என்ன என்று கேட்பதே அத்தேர்வின் முறை. நமக்குப் பழகிய கண்மாயைக் கொண்டே இதனை விளக்குகிறேன்.

இங்கிலாந்தில் ஓர் ஆலைக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கசிந்து, அயலார் நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்தது. தன் நிலத்தில் தீங்கு விளைக்கத்தக்க பொருளைத் தேக்கி வைப்பவர், அது தப்பி வெளியேறிப் பிறர்க்குச் சேதம் விளைத்தால், கவனக்குறைவு இல்லையெனினும் பொறுப்பாளியே என்று 1868ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சில ஆண்டுகளில் அதே போன்ற வழக்கு நம் சென்னை மாகாணத்தில் எழுந்தது. கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்தன. சென்னை இரயில்வே கம்பெனியின் பாதையும் பாலங்களும் சேதமுற்றன. கம்பெனி ஜமீன்தார் மீது வழக்குத் தொடுத்தது. இங்கிலாந்தின் விதியை அப்படியே பொருத்தினால் ஜமீன்தார் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆயின், 1874ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் வேறு முடிவு கூறியது. இந்நாட்டில் ஏரிகள் தொன்றுதொட்டு வருபவை. மக்கள் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதவை. அவற்றைப் பேணுதல் ஜமீன்தாரின் கடமை. ஆகவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பாளி ஆகார் என்பதே அம்முடிவு.

இவ்விரண்டு விதிகளையும் ஒரு பத்தியாகக் கொடுத்து மூன்று வினா கேட்டால் எப்படி விடை காண்பீர்கள்? ஆலைக்காரர் ஒருவர் தம் தொழிலுக்காகக் கவனமாகக் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து, பக்கத்து மிளகாய்க் காடு அழிந்தது, அவர் பொறுப்பாளி. பன்னெடுங்காலமாக ஊர்ப் பாசனத்துக்கெனப் பேணப்படும் கண்மாய், எவ்விதக் கவனக்குறைவும் இன்றிப் பெருமழையில் உடைந்தது. பேணும் கடமையுடையவர் பொறுப்பாளி அல்லர். அதே கண்மாயின் மடையில் விரிசல் இருப்பதை அறிந்தும் அவர் செப்பனிடாமல் விட்டார். அப்பொழுது பொறுப்பாளி ஆவார். முதல் வினாவில் "ஆலைக்காரர் மேல் தவறில்லையே" என்று இரங்கினாலும், இரண்டாவதில் "ஏழை உழவனுக்கு இழப்பீடு வேண்டாமா" என்று கொதித்தாலும் மதிப்பெண் போய்விடும். நம் மனம் நியாயம் என்று கருதுவதைத் தேர்வு கேட்பதில்லை; கொடுத்த விதி இந்த நிகழ்வில் எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்பதையே கேட்கிறது. கண்மாய்க் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு விளங்காமற் போகுமா?

அவ்வாறாயின் தடை எங்கே இருக்கிறது? மொழியில் இருக்கிறது. கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. வினாவுக்கு ஒரு நிமிடம் என்னும் கணக்கில், பத்தியைப் படிக்கும் நேரமும் அடங்கும். ஆகவே தமிழ்வழி மாணவர்க்கு ஆயத்தம் என்பது, பெரும்பாலும், விரைந்து ஆங்கிலம் வாசிக்கும் பயிற்சியே. அது ஆறு வாரத்தில் வாராது. ஒன்றரை ஆண்டில் உறுதியாக வரும்.

ஒரு வழி கூறுகிறேன். நாள்தோறும் காலையில் தமிழ் நாளிதழில் முதன்மையான இரண்டு செய்திகளைப் படியுங்கள். மாலையில் அதே செய்திகளை ஆங்கில நாளிதழில் படியுங்கள். பொருள் முன்னரே தெரிந்திருப்பதால் சொல் தானே விளங்கும். விளங்காத சொல்லை அது வந்த வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்கு மாதம் சென்றபின் தலையங்கத்துக்கு ஏறுங்கள். படித்து முடித்ததும், எழுதியவர் கூற வந்தது என்ன, அதற்கு அவர் காட்டும் காரணம் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆங்கிலம், நடப்புச் செய்தி, தருக்கம் ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு மணி நேரமே பயிற்சியாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியதும், தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்தில் உள்ள பழைய வினாத்தாள்களை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து எழுதுங்கள். 2020க்கு முந்தைய தாள்கள் வேறு முறையைச் சேர்ந்தவை. அவற்றில் காலத்தைச் செலவிட வேண்டா.

விண்ணப்பம் பற்றிச் சில சொற்கள். அதனை இணையவழியில்தான் அனுப்பவேண்டும். கணினி மையத்தில் பதியும்போது மையத்தாரின் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வருவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. அதனைத் தவிருங்கள். நுழைவுச்சீட்டு, கலந்தாய்வு அழைப்பு ஆகிய அனைத்தும் அந்த எண்ணுக்கும் முகவரிக்குமே வரும். கலந்தாய்வில் ஒரு நாள் தவறினாலும் இடம் கைநழுவும். மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே பெற்று வையுங்கள்.

பணம் பற்றியும் மறைக்காமல் கூறவேண்டும். அண்மை ஆண்டுகளில் கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவினர்க்கு 4,000 ரூபாய்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டின் கீழ் உள்ளோர்க்கு 3,500 ரூபாய். தேர்ந்த பின் கலந்தாய்வுப் பதிவுக்கே பொதுப்பிரிவினர் 30,000 ரூபாய் கட்டவேண்டியிருந்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுச் செலவு இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். கல்விக்கடன், பல்கலைக்கழக உதவித்தொகை ஆகியவற்றை முன்னரே விசாரித்து வைக்கவேண்டும். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010ஆம் ஆண்டு தொடங்கிய ஐடியா என்னும் அமைப்பு, எளிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கிளாட் தேர்வுக்குப் பயிற்சியளித்து, படிப்புக் காலத்திலும் துணைநிற்கிறது. அவர் 2019ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. ஆகவே பயிற்சி நிலையத்துக்கென நகையை அடகு வைக்கும் முன்னர், விலையின்றிக் கிடைப்பவற்றை நாடுங்கள்.

மாநிலச் சட்டக் கல்லூரிகளிலோ கட்டணம் மிகக் குறைவு. அங்கே தேர்வுகளைத் தமிழில் எழுதவும் இசைவு உண்டு. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆகையால் தேசிய வாயிலை உயர்ந்தது என்றும், மாநில வாயிலைத் தாழ்ந்தது என்றும் கருதாதீர்கள். கிளாட் எழுதி இடம் கிடைக்காவிட்டால், மே மாதத்தில் மதுரையும் இராமநாதபுரமும் திறந்தே இருக்கும். அதற்காகவே, நுழைவுத்தேர்வு ஆர்வத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கைவிட்டுவிடக் கூடாது. எந்த வாயிலில் நுழைந்தாலும் அணியும் கறுப்பு அங்கி ஒன்றே.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "பெண்பிள்ளைக்கு எதற்கு வக்கீல் படிப்பு?" என்ற சொல் இன்னும் சில வீடுகளில் ஒலிக்கிறது. சொத்துப் பத்திரத்தில் கைரேகை வைக்கும்போது அதில் எழுதியிருப்பது என்ன என்று அறியாமல் நின்ற பெண்கள் நம் குடும்பங்களிலேயே இருந்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல வீட்டிலேயே ஒரு மகள் இருப்பாளாயின், அது எத்துணைப் பெரிய காவல் என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று வீடு திரும்பியதும் நாட்காட்டியில் ஜூலை, அக்டோபர், டிசம்பர், மே ஆகிய நான்கு மாதங்களைக் குறித்து வையுங்கள். முதல் மூன்றும் தேசிய வாயிலுக்கு. நான்காவது மாநில வாயிலுக்கு. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறக்கூடும்; அதிகாரப்பூர்வ அறிவிப்பை ஜூலை முதல் வாரந்தோறும் பாருங்கள். நாளை காலை முதல் வாசிப்பைத் தொடங்குங்கள். நீங்கள் அனைவரும் கற்று உயர்க என வாழ்த்தி என் உரையை நிறைவு செய்கிறேன்.