பாரம் குறைந்த கருவி



நாள்தோறும் நாம் தூக்குகின்ற, சுமக்கின்ற, கையாளுகின்ற பொருள்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். ஒரு பொருள் உறுதியாக இருக்கின்றதா, அழகாக இருக்கின்றதா, விலை மலிவாக இருக்கின்றதா என்றெல்லாம் ஆராய்ந்து வாங்குகின்றோம். அதன் எடை எவ்வளவு என்று கேட்பவர் சிலரே. ஆயினும் வாங்கிய நாள் தொடக்கம் அப்பொருள் உடைந்து போகும் நாள் வரைக்கும் நம் உடம்பு ஓயாது கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியையேயாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமம் கிழக்கிலே அமைந்துள்ளது புத்தூர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் பூமி. ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறொன்றும் குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கற் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகளே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னர், இவ்வூர்த் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது துலா. இரண்டு ஆடுகால்களுக்கு இடையே நீண்ட மரம் ஒன்று. அதன் நுனியிலே தொங்கும் கொடி. கொடியின் முனையிலே பனையோலையால் அமைந்த பட்டை. துலாவின் மேலே ஏறி ஒருவரோ இருவரோ முன்னும் பின்னுமாக நடப்பர். அவர்களின் உடல் எடையே பட்டையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் வேலை செய்யும். கிணற்றின் விளிம்பில் நிற்பவரோ, மேலெழுந்து வரும் பட்டையைப் பிடித்துச் சாய்த்து வாய்க்காலிலே ஊற்றுவார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். அந்த எடையைக் குறைக்க எவராலும் இயலாது. தண்ணீரைத் தூக்குவதற்காகத்தானே அத்தனை பாடும். ஆனால் தண்ணீரைத் தாங்கும் கலத்தின் எடை வீண் எடை. ஓலைப் பட்டைக்குப் பதிலாக அதனிலும் இரண்டு கிலோகிராம் கூடிய இரும்புக் கலம் ஒன்றைக் கட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலைப் பொழுதில் ஆயிரம் முறை இறைத்தால், பயிருக்கு ஒரு துளியும் கூடுதலாகச் சேராமலே இரண்டாயிரம் கிலோகிராம் எடையை அம்மனிதர்கள் தூக்கியிருப்பார்கள். ஒரு முறை தூக்கும்போது அற்பமாகத் தோன்றுகின்ற எடை, ஆயிரம் முறை தூக்கும்போது இடுப்பை ஒடித்துவிடுகின்றது.

ஓலை மெல்லியது, அது எவ்வாறு இத்தனை நீரைத் தாங்கியது என்று நீங்கள் கேட்கலாம். பனையோலையை விரித்துப் பாருங்கள். விசிறிபோல மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். ஒரு கடதாசியைத் தட்டையாகப் பிடித்தால் துவண்டு விழும். அதனையே மடித்து மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். பொருளைக் கூட்டாமல் வடிவத்தினாலேயே வலிமையைப் பெறும் உபாயம் இது. நெடுங்காற்றிலே உயரத்தில் நின்று ஆட வேண்டிய ஓலைக்கு இயற்கை அளித்த அமைப்பை, நம் முன்னோர் கிணற்றுக்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

கடகத்தை எடுத்துக்கொள்வோம். ஓலையினால் இழைத்து, வெளிப்புறத்தை நாரினால் பொத்துவார்கள். கை பிடிக்கும் விளிம்பிலும் தரையிலே உரசும் மூலைகளிலும் கூடிய உறுதி கொடுப்பார்கள். எங்கே தேய்மானம் உண்டோ அங்கே பொருளைச் சேர்ப்பதும், எங்கே இல்லையோ அங்கே மெலிதாக விடுவதுமே இலேசான அமைப்பின் முதல் விதி. தோட்டத்திலிருந்து சந்தைக்குத் தலைச்சுமையாகக் காய்கறி கொண்டுசென்ற பெண்களின் கழுத்து, அந்த விதியின் பயனை நன்கு அறிந்திருந்தது. சுளகும் அப்படியே. அது பாரமாக இருந்தால் நெல்லும் பதரும் பிரிவதற்கு முன்னரே கை ஓய்ந்துவிடும்.

இனி விளையாட்டின் பக்கம் திரும்புவோம். தைப்பொங்கல் நாளிலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கண்டவர்கள், இலேசான அமைப்பு ஒரு கலையாகவே வளர்ந்திருப்பதை உணர்வார்கள். கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பெட்டிப் பட்டம் எனப் பலவகை. மூங்கிலைப் பிளந்து, சீவி, இரு புறமும் எடை ஒத்திருக்கின்றதா என்று நிறுத்துப் பார்த்து, முச்சை கட்டுவார்கள். ஓர் இடத்திலே ஈர்க்களவு எடை கூடினாலும் பட்டம் ஒரு பக்கமாகச் சரியும். ஆனால் அதே பட்டத்துக்கு வால் கட்டுவதையும் காண்கின்றோம். வால் என்பது எடைதானே? எடையைக் குறைக்க இத்தனை பாடுபட்டவர்கள் ஏன் அதனைச் சேர்க்கிறார்கள்? வாலை அறுத்துவிட்டால் பல பட்டங்கள் வானிலே சுழன்று தலைகீழாக விழும். ஆகவே எல்லா எடையும் வீண் எடை அன்று. எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என்ற தெளிவே அறிவு. கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது அறிவன்று.

இத்தெளிவோடு பயணம் செய்த ஒரு மூதாட்டியை இங்கே நினைவுகூரலாம். ஐக்கிய அமெரிக்காவிலே அப்பலாச்சியன் மலைத்தொடரின் வழியே 2,000 மைலுக்கு மேற்பட்ட நடைபாதை ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்னும் அம்மையார், தமது 67ஆம் வயதிலே, அப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் இல்லை, உறக்கப் பை இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளிலே போட்டுக்கொண்டார். போர்வை ஒன்றும், மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றும் அவருடைய முக்கிய உடைமைகள். மலையேறுவோர் இன்று பெரும் பணம் கொடுத்து வாங்கும் இலேசான சாதனங்கள் எவையும் அவரிடம் இருக்கவில்லை. எது வேண்டாம் என்று அறிந்திருந்ததே அவருடைய பெருஞ் செல்வம்.

விரும்பி நடப்பவருக்கு எடை ஒரு வசதிக் குறைவு மாத்திரமே. நடக்க இயலாதவருக்கோ அது வாழ்க்கையின் தளை. நமக்குக் கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்திலே பிறந்த அப்துல் கலாம் அவர்கள், தம் வாழ்வில் மிக மகிழ்ந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாகப் பல மேடைகளிலே இதனைச் சொன்னதுண்டு. அவர் ஐதராபாத்தில் ஏவுகணை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த காலம். ஏவுகணைக்கென உருவாக்கிய மிக இலேசான பொருளைக் கையிலே எடுத்துப் பார்த்த எலும்பு வைத்தியர் ஒருவர், அவரைத் தமது வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர்களும் சிறுமிகளும், ஒவ்வொன்றும் மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகக் கால்தாங்கிகளை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று கிழமைகளுக்குள் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் தயாராயின. பிள்ளைகள் தங்கள் கண்களையே நம்பவில்லை. பெற்றோர் கண்ணீர் விட்டனர் என்று அவர் கூறினார்.

இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்வது என்ன? மூன்று கிலோகிராம் தாங்கியைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் உறுதியை எண்ணினார்கள். ஆனால் அதனைத் தாங்கள் அணிந்து நடக்கவில்லை. ஒரு பொருளைச் செய்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்றால், எடை கவனிக்கப்படாமலே போய்விடுகின்றது. நம் பிள்ளைகளின் பாடசாலைப் பையும் அத்தகையதே. பை உடலெடையின் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என்று இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் பாடசாலைப் பைக் கொள்கை வகுத்துள்ளது. முப்பது கிலோகிராம் எடையுள்ள பிள்ளைக்கு மூன்று கிலோகிராம். இன்று மாலை உங்கள் பிள்ளையின் பையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வெறும் பையையும் தனியே நிறுங்கள். அதற்குள் வைக்கும் புத்தகங்களைத் தீர்மானிப்பவர்கள் பிறர். பையைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாமே.

நேயர்களே, பாரம் குறைந்ததெல்லாம் நல்லதென்று இதனால் முடிவு செய்துவிடல் ஆகாது. கடகத்தினும் இலேசானது பொலித்தீன் பை. கைக்கு அது பாரமன்று. ஆனால் தோட்டத்து மண்ணிலே அது கிடக்கும் காலம் நெடிது. எடை சில வேளைகளில் மறைவதில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கி இன்னோரிடத்திலே ஏறிக்கொள்கின்றது.

துலாவும் இன்று மறைந்துவிட்டது. அந்தப் பாட்டை மீண்டும் எவரும் விரும்பமாட்டார், விரும்பவும் வேண்டியதில்லை. இயந்திரம் உழவனின் கைகளுக்கு ஓய்வு கொடுத்தது நன்மையே. ஆயினும் அந்தப் பாரம் எங்கே சென்றது என்று புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றைக் கேட்டால் தெரியும். அங்கே மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். கடல்நீரைக் காட்டிலும் நன்னீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு பாரம் குறைந்தது. அந்தச் சிறு இலேசினாலேயே குடாநாட்டின் குடிநீர் உவர்நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீரின் மட்டம் ஓரடி தாழ்ந்து நின்றுவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பதடி உயரக்கூடும் என்பது நிலநீர் ஆராய்ச்சியாளரின் கணக்கு. துலா மிதித்தவன் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, கிணற்றுக்கு உண்டு.

ஆகவே ஒரு பொருளை வாங்கும்போதும் செய்யும்போதும் இரண்டு கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வோம். இதன் எடையைச் சுமக்கப் போகின்றவர் யார்? குறைந்த எடை எங்கே போயிற்று? ஓலைப் பட்டை இவ்விரண்டு கேள்விகளுக்கும் நேரான விடை கூறியது. இறைப்பவன் இடுப்பைக் காத்தது. தேய்ந்த பின்னர் அந்த மண்ணுக்கே உரமாயிற்று. நாம் செய்யும் புதிய பொருள்களும் அவ்வாறு விடை கூறக்கூடியனவாக அமைதல் வேண்டும்.