பூமி சொல்லும் சாட்சி
(எழுமலையில் செய்த சொற்பொழிவு)

பூமி ஏன் ஆடுகின்றது என்று கேட்டால், ஆதிசேஷன் தலையை அசைக்கிறான் என்று சொல்லி நம் வாயை மூடினார்கள். அது ஏன் ஆடிற்று, எங்கே ஆடிற்று என்பதை இன்று பூமியைக்கொண்டே அறியலாம்.

இந்தப் பக்கத்தில் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைத்தால் தூரத்தில் நிற்கிறவர் காலிலும் அதிர்வு தட்டுகிறதல்லவா? பூமிக்குள் அணுகுண்டு வெடித்தாலும் அப்படித்தான். ஆனால், அந்த அதிர்வு ஆயிரக்கணக்கான மைல் ஓடும். கருவி அதைக் கோடாக எழுதிவிடும். நமக்கு அடுத்த கொடைக்கானலில் 1899-லேயே பூகம்பக் கருவி வைக்கப்பட்டது.

வந்தது வெடியா, பூகம்பமா என்று எப்படித் தெரியும்? பூகம்பத்தில் பாறை பிளவோடு வழுக்குகின்றது. ஆதலால் முதல் அலை சில திக்கில் தள்ளும். சில திக்கில் இழுக்கும். வெடியோ எல்லாத் திக்கிலும் வெளியே தள்ளும். அன்றியும், முதல் அலை இரண்டிலும் சமமாக இருந்தாலும், பின்னால் மேற்பரப்பில் ஊர்ந்துவரும் அலை பூகம்பத்தில் பெரிதாகவும் வெடியில் சிறிதாகவும் இருக்கும்.

1963-ல் வல்லரசுகள் செய்த ஒப்பந்தம் ஆகாயத்திலும் நீருக்கடியிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடுத்தது. பூமிக்குள் வெடிப்பதைத் தடுக்கவில்லை. ஆகவே பூமிக்குக் காது வைப்பது அவசியமாயிற்று. 1965-ல் பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் இந்திய அணுசக்தித் துறையாரும் பிரிட்டிஷ் அணுசக்தித் துறையாரும் சேர்ந்து பல கருவிகளை வரிசையாக வைத்தார்கள். எந்தக் கருவியை அலை முன்னே எட்டிற்று என்பதைக்கொண்டு அது வந்த திசையைக் காணலாம்.

சரி, நம் சர்க்கார் வைத்த வெடிக்கு அளவு என்ன? 1998 மே 11-ல் பொக்ரானில் மூன்று குண்டுகள் ஏககாலத்தில் வெடித்தன. சுமார் 58 கிலோ டன் என்றார்கள் சர்க்கார் விஞ்ஞானிகள். அதிர்வு 5.2 அளவுதான், அவ்வளவு இராது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர் பலர். பக்கத்தில் பக்கத்தில் வெடித்ததால் ஒரு அலை மற்றொன்றைக் குறைத்துவிட்டது என்று நம்மவர் சமாதானம் சொன்னார்கள். 2009-லோ, அச்சோதனையில் முக்கியப் பங்குகொண்ட சந்தானம் அவர்களே, ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த பலம் தரவில்லை என்றார். சர்க்கார் மறுத்தது.

தோழர்களே! கெட்டிப் பாறையில் அதிர்வு நன்றாகப் பரவும். உதிரி மண்ணில் மங்கிப்போகும். எனவே ஒரே கோட்டுக்கு இரண்டு கணக்கு வருவது அதிசயமல்ல. ஆனால், அந்தக் கோட்டையும் பாறையின் தன்மையையும் வெளியே வைத்துக் கணக்கைக் காட்டுவதே யோக்கியமான பதிலாகும். கேட்டவனைத் தேசத்துரோகி என்பது பதிலாகுமா? சாஸ்திரம் சொன்னாலும், சர்க்கார் சொன்னாலும், வெள்ளைக்காரன் சொன்னாலும், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள் என்பதே நாம் சொல்லிக்கொள்வது.