ஆட்டுக்குச் சளியா? மாத்திரைக்கு முன்னால் சில விஷயங்கள்

மழைக்காலம் வந்துட்டா காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆடு வளர்க்கிற வீடுகளில் ஒரு சத்தம் கேட்கும். ராத்திரியில் ஆடு இருமுற சத்தம். ஒரு ஆட்டை விற்றால் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம், வட்டிக்கடனை அடைக்கலாம் என்று வளர்க்கிற குடும்பத்துக்கு, அந்தச் சத்தம் கேட்டா தூக்கம் வராது. விடிஞ்சதும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, "ஆட்டுக்குச் சளி, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்கிறோம்.

அந்த மாத்திரை சில சமயம் வேலை செய்யும், பல சமயம் செய்யாது. ஏன் என்று பார்க்கலாம்.

ஆட்டின் நுரையீரல் அழற்சி, அதாவது நிமோனியாவுக்குக் காரணமான முக்கியமான பாக்டீரியாக்கள் பாஸ்டுரெல்லா, மான்ஹீமியா. இவை வெளியிலிருந்துதான் வரணும் என்று இல்லை. நல்லா இருக்கிற ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். ஆட்டின் எதிர்ப்புச் சக்தி அதை அங்கேயே அடக்கி வைத்திருக்கும். மழையில் நனைந்தாலோ, லாரியில் நெருக்கி அடைத்து வந்தாலோ, குடற்புழுவால் இளைத்தாலோ அந்தக் காவல் தளர்ந்துவிடும். அப்போ கிருமி நுரையீரலுக்குள் இறங்கும். அதனால கிருமியைக் கொல்வதைவிட, காவலைக் காப்பாற்றுவதுதான் நம்ம முதல் வேலை.

இந்தக் காவல் குட்டி பிறந்த அன்றைக்கே தொடங்குகிறது. மனிதக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு தாயின் வயிற்றிலேயே கிடைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படிக் கிடைக்காது. அது வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதுக்கு வேண்டியது சீம்பாலில்தான் இருக்கு. அதையும் குட்டியின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நல்லா உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் அந்த வாசல் மூடிவிடும். அதனால பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் குடிக்க வையுங்க. குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்குச் சுமார் 200 மில்லி, முதல் நாளுக்குள் பல தவணையாக உள்ளே போகணும். "கெட்டியா இருக்கு, செரிக்காது" என்று பீய்ச்சிக் கீழே கொட்டாதீங்க.

சீம்பால் தந்த பாதுகாப்பு மூணு, நாலு மாசத்தில் குறைந்துவிடும். அங்கேதான் தடுப்பூசி வருது. "நிமோனியாவுக்கு ஒரு ஊசி இருக்கா?" என்று கேட்டால், எல்லாக் கிருமிக்கும் சேர்த்து ஒரே ஊசி கிடையாது. தொண்டை அடைப்பான் ஊசி பாஸ்டுரெல்லாவின் ஒரு வகைக்கு எதிரானது. உங்க ஆட்டுக்கு அது வேணுமா என்று கால்நடை மருத்துவர் சொல்வார். ஆனா எந்த ஆட்டுக்கும் தவறக்கூடாத ஊசி ஒன்று உண்டு. அது ஆட்டுக்கொல்லி நோய் ஊசி. இது வைரஸ் நோய்தான். ஆனா இந்த வைரஸ் முதலில் எதிர்ப்புச் சக்தியை உடைக்கும், பின்னாலேயே பாக்டீரியா நிமோனியா நுழையும்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் கண்டறியப்பட்டது. அங்கே கிடைத்த வைரஸிலிருந்தே, மாதவரம் பால்பண்ணையில் தலைமையிடம் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ஒருமுறை போட்டால் குறைந்தது மூணு வருஷம் பாதுகாப்பு. 2030-க்குள் உலகத்திலேயே இந்த நோயை ஒழிக்கணும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் இலக்கு.

அடுத்து, ஆடு படுக்கிற இடம். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிடுறோம். உள்ளே மூத்திரமும் புழுக்கையும் சேர்ந்து அமோனியா வாயு தேங்கும். மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய மயிரிழைகளை அது கெடுத்துவிடும். ஒரு சோதனை செய்யுங்க. கொட்டகையில் குத்துக்காலிட்டு, ஆட்டின் மூக்கு உயரத்தில் மூச்சு இழுங்க. உங்க கண் எரிந்தால், ஆட்டின் நெஞ்சும் எரியுது என்று அர்த்தம். சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் மூடி, மேலே காற்றுப் போக இடம் விடுங்க. நம்ம துறைமுக ஏரியாவில் பழைய மரப் பேலட் கிடைக்கும். கெமிக்கல் படாததாகப் பார்த்துக் கீழே போட்டால் அதுவே சின்னப் பரண்.

பக்ரீத்துக்கோ, வளர்க்கவோ புதுசா ஆடு வாங்கினால் இரண்டு, மூணு வாரம் தனியாகக் கட்டுங்க. இருமுது என்று தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீங்க. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே நிமோனியா.

இப்போ மாத்திரைக்கு வருவோம். ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சக்தியைத் தராது. அது சண்டைக்கு வருகிற கூலிப்படை மாதிரி, வேலை முடிந்தால் போய்விடும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கு உடலைச் சுற்றிச் செல் சுவரே கிடையாது. அந்தச் சுவரைத் தாக்குகிற பெனிசிலின் வகை மருந்து அதனிடம் பலிக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் கொடுத்தால் பணமும் போகும், நாளும் போகும். அரைகுறையாகக் கொடுத்து நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்து கொடுத்த ஆட்டின் பாலையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்கணும் என்பதையும் மருத்துவரிடம் கேளுங்க.

உங்க கையில் இருக்கிற ஸ்மார்ட்போன் இதுக்கு உதவும். ஆடு நிழலில் அமைதியாகப் படுத்திருக்கும்போது ஒரு நிமிஷம் விலாவை வீடியோ எடுத்து, மூச்சை எண்ணுங்க. வளர்ந்த ஆட்டுக்கு நிமிஷத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு. அதைவிட ரொம்ப அதிகமா இருந்தாலோ, காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டினாலோ, மூக்கில் கெட்டிச் சளியோடு தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்றாலோ காத்திருக்க வேண்டாம். நடமாடும் கால்நடை மருத்துவச் சேவைக்கான 1962 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்க. இல்லையென்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு போங்க. எடுத்த வீடியோவைக் காட்டுங்க. ஊசி போட்ட தேதியைப் போன் காலண்டரில் குறித்து, அடுத்த ஊசிக்கு நினைவூட்டல் வையுங்க.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு ஆடு இறந்துபோனால் உடனே புதைக்கவோ கால்வாயில் போடவோ வேண்டாம். முதலில் மருத்துவருக்குச் சொல்லுங்க. பரிசோதித்துப் பார்த்தால் என்ன நோய் என்று தெரியும். உங்களிடம் மீதி நிற்கிற ஆடுகளையும், பக்கத்து வீட்டு ஆடுகளையும் அது காப்பாற்றும்.