சிலருக்கான கல்வியும் பலருக்கான கல்வியும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளில் உயர்கல்வியைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973இல் ஓர் அளவுகோலைத் தந்தார். கல்லூரி வயதினரில் 15 விழுக்காட்டினர் வரை படித்தால் அது மேட்டுக்குடிக் கல்வி. 50 வரை வெகுமக்கள் கல்வி. அதற்கு மேல் அனைவருக்குமான கல்வி. ஒன்றிய அரசின் 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவின் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47.

இந்த 47 சும்மா வரவில்லை. இடஒதுக்கீடு, அரசு கலைக் கல்லூரி, ஆதிதிராவிடர் நல விடுதி, கல்வி உதவித்தொகை, எல்லாவற்றுக்கும் மேலாக நம் தாய்மார்களின் கூலி. இவை சேர்ந்துதான் நம்மைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்தன.

ஆனால் ட்ரோவின் அளவுகோலில் சாதி தெரிவதில்லை. பலர் உள்ளே வந்ததும் சிலருக்கான கல்வி ஒழிந்துவிடவில்லை. வேறு வளாகத்துக்குக் குடிபோனது. சென்னை ஐஐடி 1959இல் தொடங்கியது. ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல்தான். அங்கும் பொதுப்பணம், இங்கும் பொதுப்பணம். அங்கே ஆய்வகம், நூலகம், நிரந்தரப் பேராசிரியர். இங்கே மாலை ஷிப்டில் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெற்றிருந்தும் தொகுப்பூதியம், மே மாதம் அதுவும் இல்லை. அவர்களில் பலர் நம் பிள்ளைகள்.

நாம் உள்ளே நுழைந்ததும் 'தரம் போய்விட்டது' என்கிறார்கள். முன்பு தரம் என்று சொன்னது எதை? ஒரு மாணவர்மீது செலவிட்ட பணத்தை, ஓர் ஆசிரியர் தந்த நேரத்தை. அதைக் குறைத்துவிட்டு, குறையை மாணவரின் பிறப்பில் தேடுவது பழைய வழக்கம்.

அண்ணல் இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அங்கே காலை வகுப்புகள் நடந்தன. அதே கல்லூரியில் நல்ல நூலகம் வேண்டும் என்பதிலும் அவர் அக்கறை காட்டினார். பலருக்கு வாசலைத் திறந்தவர், பலருக்கென்று மட்டமானதைத் தரவில்லை.

ஆகவே, 47ஐக் காட்டி நம்மைத் திருப்திப்படுத்த முடியாது. காலிப் பணியிடங்களில் நிரந்தர ஆசிரியர், இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் நூலகம், மனிதர் தங்கும்படியான விடுதி: இவற்றை நம் ஊர்க் கலைக் கல்லூரிக்குக் கேட்போம். சிலருக்குக் கொடுத்த அதே கல்வியை எல்லோருக்கும் கேட்கிறோம், சலுகை கேட்கவில்லை.

ஜெய்பீம்.