கடல் கடந்த மாணவர் முதலிற் கண்டது

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தின் பொறுப்பாளர்களே, நடவுக் கூலியிலும் அறுப்புக் கூலியிலும் மிச்சம் பிடித்துச் சந்தா செலுத்தி 25 ஆண்டுகள் இச்சங்கத்தைக் காத்து வளர்த்த தாய்மார்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே!

அயல்நாட்டிற்குப் படிக்கச் செல்லும் மாணவர் அங்கு முதன்முதலில் காண்பது என்ன, உணர்வது என்ன என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பனியைப் பற்றியும், வானளாவும் மாளிகைகளைப் பற்றியும், நிலத்தடியில் ஓடும் இரயிலைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. அவற்றைப் படங்களில் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். நம்மவர் ஒருவர் அங்கே கண்டதையும், அதனால் அவருக்கு நேர்ந்ததையுமே பேச எண்ணுகிறேன்.

கடல் கடத்தல் இந்தத் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. காவிரி கடலோடு கலக்கும் இந்தக் கரையிலிருந்துதான், நாகப்பட்டினத்துத் துறைமுகத்திலிருந்துதான், நம் பாட்டன்மார் பினாங்குக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். 'கப்பலுக்குப் போனவர் வீடு' என்று அடையாளம் சொல்லும் வழக்கம் நம் சேரிகளில் இருந்தது. அவர்கள் புத்தகம் சுமந்து போனவர்கள் அல்லர். கங்காணியின் சொல்லை நம்பி, கைகளை மட்டும் மூலதனமாகக் கொண்டு போனவர்கள். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அந்தக் கூலிப் பயணத்தைத் தடை செய்தது. அதன் பின்னரும் 'ரஜூலா' என்னும் கப்பல் நெடுங்காலம் நாகைக்கும் பினாங்குக்கும் இடையே போய் வந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள்.

அங்கே அவர்கள் கண்டது மற்றொரு பண்ணையே ஆகும். நெல்லுக்கு மாறாக இரப்பர் மரம். மிராசுதாருக்கு மாறாகத் துரை. சில தோட்டங்களில் குடியிருப்பு வரிசைகள் கூடச் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆயினும் கூலி காசாகக் கைக்கு வந்தது. திரும்பி வந்தவர் சட்டையும் செருப்பும் அணிந்து தெருவில் நடந்தார். அப்படி நடந்ததையே பெருங்குற்றமாகக் கருதிய ஊர்கள் உண்டு. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக வழங்கிய வட்டாரம் அன்றோ இது! ஆகவே, கடல் கடந்து சென்ற மனிதன் சென்றவாறே திரும்புவதில்லை என்பதை, பல்கலைக்கழகம் எதுவும் சொல்லித் தராமலே நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள்.

இனி மாணவர் கதைக்கு வருகிறேன். நம் சமுதாயத்து மாணவர் அயல்நாடு சென்ற வரலாற்றில் முதலில் வைத்து எண்ணத்தக்கது அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பயணம். 1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி மறைந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், படிப்பு முடிந்தபின் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிவதாக அண்ணல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். காலம் மூன்று ஆண்டு. ஜூலைத் திங்களில் நியூயார்க் நகரை அடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22.

முதலில் அவர் தங்கியது ஹார்ட்லி விடுதி. அங்கு அவருக்கு முதல் இடர் உணவால் வந்தது. பாதி வெந்த இறைச்சியும் பழக்கமில்லாத சுவையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்திற்குள் விடுதி மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நாவல் பதேனா என்னும் பார்சி மாணவரோடு தங்கினார். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது. இதை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோறும் குழம்பும் கிடைக்காமல் முதல் வாரம் கலங்குவது கோழைத்தனம் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அண்ணலே விடுதி மாற்றிக்கொண்டார்.

அந்த இளைஞர் எங்கிருந்து அங்கே போனார் என்பதை நினைத்துப் பாருங்கள். சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, உட்காருவதற்கு ஒரு கோணித் துண்டைத் தாமே வீட்டிலிருந்து கொண்டு போய், மாலையில் தாமே எடுத்து வரவேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்பவர் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் பள்ளி ஏவலர் வந்து ஊற்ற வேண்டும். ஏவலர் வராத நாளில் தண்ணீரும் இல்லை. அப்படிப்பட்டவர் நியூயார்க்கில் மற்ற மாணவரோடு ஒரே மேசையில் உண்டார். ஒரே குழாயில் நீர் பருகினார். நூலகத்தில் தாம் விரும்பிய நாற்காலியில் அமர்ந்தார். பேராசிரியர் செலிக்மன், ஜான் டூயி முதலியோரின் வகுப்புகளில் இருந்தார். பொருளியலில் மட்டும் 29 பாடங்களுக்குப் பதிந்துகொண்டார். பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் வாங்கினார். அவ்வளவும் அந்தப் பதினொன்றரைப் பவுனுக்குள். அதிலும் ஒரு பகுதி வீட்டிற்குப் போயிற்று.

அந்நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் எழுதினார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழித்த ஆண்டுகள், தாம் தீண்டத்தகாதவர் என்னும் நினைவையே தம் மனத்திலிருந்து அழித்துவிட்டன என்பது அவர் கூற்றின் பொருள். அயல்நாட்டில் நம் மாணவர் காணும் முதற்காட்சி இதுவே என்பது என் கருத்து. அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. தகப்பன் யாரிடம் வேலை செய்கிறான் என்று கேட்கவில்லை. நம் ஊரில் பத்து வயதுச் சிறுவன்கூடக் கேட்கும் கேள்வியை, அங்கே பேராசிரியரும் கேட்கவில்லை, பண்டம் விற்பவரும் கேட்கவில்லை. புதிதாக ஒன்று வந்தால்தான் கண்ணில் படும் என்று எண்ணுகிறோம். வாழ்நாளெல்லாம் தோளில் கிடந்த பாரம் ஒரு நாள் காலை இல்லாமற் போவதும் ஒரு காட்சியே.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். நம்மை இழிவு செய்யாத நாடு எவரையுமே இழிவு செய்யாத நாடு என்று முடிவு கட்டிவிடலாகாது. கொலம்பியா பல்கலைக்கழகம் நிற்கும் மேட்டிற்குக் கீழே, நடந்தே போகும் தொலைவில் உள்ளது ஹார்லம். கறுப்பின மக்கள் குடியேறி நிறைந்த பகுதி. அண்ணல் அங்குச் சென்ற அதே 1913-இல்தான் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் ஆட்சி, வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பு ஊழியரைத் தனியே பிரித்து வைக்கத் தொடங்கியது. 1924-இல் ஒரு கறுப்பின மாணவர் குடியேறியதை எதிர்த்து, அதே பல்கலைக்கழகத்தின் விடுதி எதிரில் சிலுவையை நட்டு எரித்தார்கள். நமக்கு நாற்காலி தந்த வளாகத்தில் நடந்தது இது. அண்ணல் இதைக் காணாமல் இருந்தவரல்லர். 1946-இல் கறுப்பின மக்களின் அறிஞர் டூபாய்ஸுக்கு மடல் எழுதி, அவர்கள் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். விருந்தினனுக்குக் கிடைக்கும் மரியாதையைக் கொண்டு அந்த வீட்டாரின் நீதியை அளக்கக் கூடாது.

அப்படியானால் அந்த முதற்காட்சியால் என்ன பயன்? பயன் இதுதான். தீண்டாமை என்பது மழையைப் போல, வெயிலைப் போல இயற்கையில் உள்ளதன்று. ஓரிடத்தில் மனிதர் செய்து வைத்த ஏற்பாடு. கப்பலில் சில வாரம் சென்றால் இல்லாமற் போவது. இந்த உண்மையைப் புத்தகத்தில் படித்து ஒப்புக்கொள்வது வேறு. உடம்பால் அறிவது வேறு. உடம்பால் அறிந்தவர்தான் 1916 மே மாதம் அதே பல்கலைக்கழகத்துக் கருத்தரங்கில் எழுந்து நின்று, 'இந்தியாவில் சாதிகள்' என்னும் கட்டுரையைப் படித்தார். சாதி எப்படித் தோன்றிற்று, எந்த வழியால் நிலைநிறுத்தப்படுகிறது என்று ஓர் இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுவது போலக் காட்டினார். சேரிக்குள்ளேயே இருந்திருந்தால் அவர் சினந்திருப்பார், போராடியும் இருப்பார். அத்துணை அமைதியாக அதைப் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

உதவித்தொகைக் காலம் முடிந்து 1917 ஆகஸ்டில் திரும்பினார். தனியே கப்பலில் அனுப்பிய நூல்கள் போரில் கடலோடு போயின. ஒப்பந்தப்படி செப்டம்பரில் பரோடா சென்றார். அமெரிக்காவில் மறந்து போனது இரயில் நிலையத்திலேயே நினைவுக்கு வந்தது: எங்கே தங்குவது? இடம் கொடுப்பார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கூறித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றிற்று. ஒரு பூங்காவில் அமர்ந்து மணிக்கணக்கில் கண்ணீர் வடித்தார். அலுவலகத்திலோ ஏவலர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து மேசைமேல் எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீரும் இல்லை. கோணித் துண்டின் காலத்திலும் தண்ணீர் இல்லை, பட்டங்களோடு வந்தபோதும் தண்ணீர் இல்லை. இடையில் மாறியிருந்தது அவர் மனம் ஒன்றே. முன்பு இது உலக வழக்கம் என்று தோன்றியிருக்கலாம். இப்போது இது இந்த ஊர் வழக்கம் என்று தெரிந்தது.

'வெளிநாடு போகிற பிள்ளை நம்மை மறந்துவிடுவான், அவனுக்குச் சங்கத்துப் பணத்தைச் செலவழிப்பானேன்' என்று நம் பெரியவர்களில் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. மகளிர் விடுதிக்கு ஓடு மாற்றக் காசில்லாத சங்கத்தில் அக்கேள்வி எழாமல் இராது. நான் சொல்வேன்: அவன் சில காலம் மறக்கட்டும். தன்னை இழிந்தவன் என்று எண்ணும் நினைவு நான்கு ஆண்டு மறந்து போகுமானால் அது நோய் தீர்வது போன்றது. ஊரை மறப்பதும் இழிவை மறப்பதும் ஒன்றல்ல. மகளிர் விடுதியையும் விடவேண்டியதில்லை. மகனுக்குத் தரும் கல்வியை மகளுக்கும் தந்தால்தான் முன்னேற்றம் விரையும் என்று, நியூயார்க்கிலிருந்து தந்தையாரின் நண்பருக்கு எழுதியவர் அண்ணல்.

நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வயல் வழியே நடந்து பள்ளி சென்ற கேரளத்துச் சிறுவர் ஒருவர், கட்டணம் கட்ட இயலாமல் வகுப்பிற்கு வெளியே நின்று பாடம் கேட்டதுண்டு. 1945-இல் டாட்டா உதவித்தொகையில் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்று ஹெரால்டு லாஸ்கியிடம் படித்த அவர் கே. ஆர். நாராயணன், 1997-இல் நம் குடியரசுத் தலைவரானார். வயல் வரப்பில் நடந்து பள்ளி செல்லும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருப்பதால் இதைச் சொன்னேன்.

இன்று போகும் மாணவருக்கு அண்ணலுக்கு இல்லாத ஒரு நிலைமை உண்டு. அன்று கொலம்பியாவில் இந்தியர் மிகச் சிலர். இன்று எந்த நகருக்குப் போனாலும் நம் மொழி பேசுவோர் முன்னமே இருக்கிறார்கள். வாடகையைப் பகிர்ந்துகொள்ள அவர்களோடு ஒரே வீட்டில் தங்க நேரும். வெள்ளையர் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்பார்கள். தமிழர் பெயரில் குடும்பப் பெயர் இல்லாததால் நேரே கேட்க மாட்டார்கள். 'தஞ்சாவூர்ப் பக்கமா? எந்த ஊர்? ஊருக்குள்ளா, வெளியிலா? வீட்டில் என்ன சமைப்பீர்கள்?' என்று சுற்றி வருவார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2022-இலேயே தம் விதிகளில் சாதியைச் சேர்த்தன. ஏன் சேர்க்க நேர்ந்தது? நம் நாட்டார் கப்பலில் கொண்டு போகாததை விமானத்தில் கொண்டு போயிருக்கிறார்கள். ஆகவே போகும் மாணவர் தம் கல்லூரியின் விதிகளை முதல் வாரத்திலேயே படித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயரை மறைக்க வேண்டாம். பரோடாவில் பெயரை மறைத்துத் தங்கியதால் அண்ணலுக்குக் கிடைத்தது பத்து நாட்களே.

இறுதியாகப் பணம் பற்றிய செய்தி. தாழ்த்தப்பட்ட மாணவருக்கென நடுவண் அரசு 1954-55 முதல் நடத்தும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டம் ஒன்று உண்டு. பட்ட மேற்படிப்புக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் அது உதவும். ஆனால் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கு அதில் இடமில்லை என்று எழுதினார்கள். அந்த விதி 1913-இல் இருந்திருக்குமானால் 'இந்தியாவில் சாதிகள்' எழுதிய மாணவருக்கு அவ்வுதவி கிடைத்திராது. மருத்துவமும் பொறியியலும் படிக்கப் போகும் நம் பிள்ளைகளை நான் தடுக்கவில்லை, அவர்களும் தேவை. நம்மைப் பற்றி நாமே ஆராய்வதற்கு இந்தக் கதவு அடைபட்டால், வேறு கதவுகளைத் தட்டுவதற்கான நிதியைச் சங்கம் இப்போதே தனிக் கணக்கில் சேர்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதைத் தீர்மானமாகவே பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

விண்ணப்பம் நிரப்ப விரும்பும் மாணவர் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு ஞாயிறுதோறும் காலையில் சங்கப் படிப்பகத்திற்கு வரலாம். நான் அங்கு இருப்பேன். பெண் பிள்ளைகளும் வருக. அவர்களுடைய பெற்றோரையும் அழைத்து வருக.