மோட்டார் எத்தனை மணி ஓட வேண்டும்?



பள்ளிக்கூடத்தில் 'கூட்டு மாறல்' என்று ஒரு கணக்கு உண்டு. இத்தனை ஆள், இத்தனை நாள், இவ்வளவு வேலை என்று வாத்தியார் கேட்பாரே, அதுதான். "இது எதுக்குப்பா நமக்கு?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் கிணற்றடிக்குக் கூட்டி வாருங்கள். அந்தக் கணக்கைச் சரியாகப் போடாமல் நானே ஒருமுறை தலைகுனிந்தேன்.

சின்னமனூர்ப் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பொதுக் கிணறு. அண்ணனுக்கு 2 ஏக்கர் வாழை, தம்பிக்கு 3 ஏக்கர். மாசி மாதத்தில் அண்ணன் 2 ஏக்கருக்கும் 2 அங்குலம் தண்ணீர் பாய்ச்ச 12 மணி நேரம் ஆனது. சித்திரையில் தம்பிக்கு முறை எழுதித் தரச் சொன்னார்கள். 2 ஏக்கருக்கு 12 என்றால் 3 ஏக்கருக்கு 18 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி வயலில் கடைசி ஏக்கர் நனையவே இல்லை. குலை தள்ளும் நேரம் வேறு. அண்ணன்தான் ராத்திரியில் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று தம்பி நினைத்தார். பேச்சு வார்த்தை நின்றுபோனது. தப்பு அண்ணனுடையது அல்ல, என்னுடையது. ஏக்கர் மாறியதைப் பார்த்தேன். கோடையில் கிணற்று நீர் குறைந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்தோம். மாசியில் 20 நொடியில் நிறைந்த டிரம், சித்திரையில் 30 நொடி எடுத்துக்கொண்டது. இப்போது கணக்கைப் பாருங்கள்.

மோட்டார் ஓடும் மணி மூன்றைப் பொறுத்தது: ஏக்கர், அங்குலம், டிரம் நிறையும் நொடி. இதில் எது கூடினாலும் மணியும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே மூன்றையும் பெருக்கி, ஒரு மாறாத எண்ணால் பெருக்கினால் மணி கிடைக்கும்.

அந்த எண்ணைத் தெரிந்த கணக்கிலிருந்து எடுங்கள். மாசியில் 2 × 2 × 20 = 80. ஆன நேரம் 12 மணி. 12ஐ 80ஆல் வகுத்தால் 0.15. இதுதான் அந்தக் கிணற்றின் எண்.

சித்திரையில் தம்பிக்கு 3 × 2 × 30 = 180. அதை 0.15ஆல் பெருக்கினால் 27 மணி. நான் கொடுத்ததோ 18. ஒரு ஏக்கருக்கு 9 மணி வீதம் 18 மணியில் சரியாக 2 ஏக்கர்தான் நனையும். மூன்றாவது ஏக்கர் காய்ந்ததில் அதிசயம் என்ன? இதை வரப்பில் உட்கார்ந்து இருவருக்கும் போட்டுக் காட்டினேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறையில் தன் நேரத்தில் கொஞ்சம் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மோட்டார் போட்டவுடன் டிரம் வைக்காதீர்கள். அரை மணி ஓடி நீர்மட்டம் இறங்கிய பிறகு அளங்கள். பக்கத்துத் தோட்டத்து எண்ணைக் கடன் வாங்காதீர்கள். வாய்க்கால் கசிவும் மண்ணும் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

இதே கணக்குதான் பெரிய வாய்க்காலுக்கும். நொடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய ஒரு அங்குலம் நிற்கும். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரை நம்பி, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் இருக்கிறது. பாசனத்துக்கு 200 கன அடி திறந்தால் நாள் ஒன்றுக்கு 200 × 24 = 4,800 ஏக்கர் அங்குலம். எல்லா வயலுக்கும் பங்கிட்டால் ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 8 மில்லி மீட்டர். வழியில் கசிவதை இன்னும் கழிக்கவில்லை. தலைமடையில் ஒருவர் தேவைக்கு மேல் ஒரு அங்குலம் கட்டி வைத்தால், கடைமடையில் ஓர் ஏக்கரின் மூன்று நாள் பங்கு போயிற்று.

அடுத்த முறை தண்ணீர்ச் சண்டை வந்தால் குரலை உயர்த்துமுன் டிரம்மை எடுத்து வையுங்கள். கணக்கைப் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள். பாடமும் ஏறும், பயிரும் பிழைக்கும்.